படை கிளம்புகிறது என்ற செய்தியை எப்படிப் படிப்பது

ஒரு வல்லரசு ஒரு நாட்டிலிருந்து படையைத் திரும்பப் பெறும்போது நம் கண் முதலில் போவது எண்ணிக்கையில்தான். 2021 ஜூலையில் நானும் அதைத்தான் பார்த்தேன். அமெரிக்கர்கள் பக்ராம் விமானத் தளத்தை இரவோடு இரவாகக் காலி செய்திருந்தார்கள். ஆப்கன் அரசிடம் ஏட்டளவில் மூன்று லட்சம் பேர் இருக்கிறார்களே, ஓராண்டாவது தாக்குப்பிடிக்கும் என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. அப்புறம்தான் இந்தச் செய்திகளைப் படிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன்.

வீரர்களோடு சேர்ந்து வேறு யார் கிளம்புகிறார்கள் என்று முதலில் தேடுங்கள். ஆப்கன் விமானப்படையின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களையும் சி-130 விமானங்களையும் பராமரித்துவந்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்த மெக்கானிக்குகள். அவர்களும் போனார்கள். மலைக்கு நடுவே தனித்து நின்ற காவல் சாவடிகளுக்குத் தோட்டாவும் சோறும் கொண்டுபோகும் வழி அடைபட்டது. எண்ணிக்கையில் வராத ஆட்கள் இவர்கள்.

இதோடு 1989-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். பிப்ரவரி 15 அன்று சோவியத் ஜெனரல் போரிஸ் குரோமோவ் ஆப்கன் எல்லையிலுள்ள அமு தர்யா ஆற்றுப் பாலத்தைக் கடந்தார், சோவியத் படை முழுதாக வெளியேறியது. சோவியத் ஆதரவில் நின்ற ஆப்கன் அதிபர் நஜிபுல்லாவின் அரசு சில மாதங்கூடத் தாங்காது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் அந்த வருடமே ஜலாலாபாத் நகரில் முஜாகிதீன் கிளர்ச்சியாளர்களின் முற்றுகையை அது முறியடித்தது. மாஸ்கோவிலிருந்து ஆயுதமும் எரிபொருளும் பணமும் தொடர்ந்து வந்ததுதான் காரணம். 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே கலைந்தது, வரத்து நின்றது, 1992 ஏப்ரலில் நஜிபுல்லா ஆட்சியை இழந்தார். அதனால் என் நோட்டில் கடைசி வீரர் கிளம்பிய தேதியையும் கடைசி உதவி வந்த தேதியையும் தனித்தனியாகக் குறிக்கிறேன். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

படை விலகல் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். 2020 பிப்ரவரி 29-இல் தோஹாவில் கையெழுத்திட்டது அமெரிக்காவும் தாலிபானும். காபூல் அரசு அதில் தரப்பே இல்லை. சாவடியில் நிற்கும் சிப்பாய்க்கு அது புரியாமலா போகும்?

சரி, அடுத்தது அண்டை நாடுகளின் பயணங்கள். 2021 ஜூலை 28 அன்று தியான்ஜினில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ தாலிபானின் அரசியல் பிரிவுத் தலைவர் பராதரைச் சந்தித்தார். காபூல் விழ இன்னும் 18 நாள் இருந்தது. சிரியாவில் இது இன்னும் வேகமாக நடந்தது. 2019 அக்டோபரில் அமெரிக்கப் படை எல்லையிலிருந்து விலகியதும் துருக்கி உள்ளே நுழைந்தது. சில நாட்களிலேயே, அதுவரை அமெரிக்காவோடு நின்ற குர்துப் படையினர் டமாஸ்கஸிலிருந்த சிரிய அரசுடன் உடன்பாடு செய்துகொண்டார்கள், வடக்கு சிரியாவின் மன்பிஜ் நகரில் ரஷ்ய ரோந்து வந்துவிட்டது.

கடலில் எல்லாம் மெதுவாக நடக்கும். பிலிப்பைன்ஸ் செனட் 1991-இல் 12க்கு 11 என்ற வாக்கில் அமெரிக்கத் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 நவம்பரில் அங்கே சுபிக் விரிகுடாவில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளம் காலியானது. பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் தென்சீனக் கடலின் மிஸ்சீஃப் திட்டில் சீனக் கட்டுமானம் தெரியவந்தது 1995-இல். படை விலகியது ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஐந்து வருடமாவது நோட்டில் அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருங்கள்.

முதல் வாரத்தில் ஜெயித்ததாகத் தெரிபவரை நம்பிவிடவும் வேண்டாம். 2021 செப்டம்பரில் பாகிஸ்தான் உளவுத்துறைத் தலைவர் காபூலுக்கே போய் வந்தார். 2025 அக்டோபரில் பாகிஸ்தான் படையும் தாலிபானின் ஆப்கன் படையும் எல்லையில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. அதே மாதம் இந்தியா காபூலில் தன் தூதரகத்தை மீண்டும் திறந்தது.