“இது எந்த மாதத்து விமானம்?”: போர் விமான மாடலுக்கு அடையாளம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாக மாடல் கட்டத் தொடங்கிய ஒருவர் தான் கட்டிய ஸ்பிட்ஃபயரை, அதாவது இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானத்தின் மாடலைக் கொண்டுவந்து காட்டினார். ஏர்பிரஷ் வேலை அவ்வளவு சுத்தம். எனக்கு இன்னும் அப்படி வராது. ஆனால் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளையும் சீரியல் எண்ணையும் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு, அச்சு அசலாக.

டெக்கலை (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படம்) தலைகீழாக ஒட்டுவது, அதிகம் ஊறவிட்டுக் கிழிப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை செய்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். பெயிண்டைத் தொடும் முன்பே, படமும் தகவலும் தேடும் கட்டத்திலேயே நடந்துவிடும் தவறுகள்தான் ஆபத்து. மாடல் முடிந்து அலமாரியில் ஏறிய பிறகுதான் அவை தெரியும்.

விமானியைத் தேடிவிட்டு விமானத்தைக் கோட்டை விடுவது

நான் கட்டியது ஜானி ஜான்சனின் ஸ்பிட்ஃபயர் மார்க் 9, முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் முன்வரிசை வேட்டைக்காரர்களில் ஒருவர் அவர். சாதாரண விமானிகளுக்கு இல்லாத ஒரு சலுகை விங் (பல ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் பிரிவுகள், சேர்ந்த அணி) தலைவர்களுக்கு இருந்தது. ஸ்குவாட்ரன் எழுத்துகளுக்குப் பதிலாகத் தங்கள் பெயரின் முதலெழுத்துகளை விமானத்தில் எழுதிக்கொள்ளலாம். முழுப்பெயர் ஜேம்ஸ் எட்கர் ஜான்சன், ஆகவே ஜேஇ-ஜே.

படம் தேடினேன், நிறையக் கிடைத்தது. எல்லாவற்றிலும் ஜேஇ-ஜே. சிலவற்றில் நார்மண்டி படையிறக்கத்துக்காக அடித்த கறுப்பு வெள்ளைக் கோடுகள். டெக்கல் தாளில் இருந்த சீரியல் எண் இஎன் 398. எழுத்து ஒன்று, ஆள் ஒன்று, அப்புறம் என்ன சந்தேகம்? எல்லாவற்றையும் ஒரே மாடலில் சேர்த்தேன். கோடுகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டவே மூன்று இரவுகள் ஆயின.

ஒரு கண்காட்சியில் வைத்திருந்தபோது வயதான ஒருவர் வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இது எந்த மாதத்து விமானம், தம்பி?” என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். ஜான்சன் இஎன் 398-ஐ ஓட்டியது 1943-இல், கென்லியில் கனடிய விங்குக்குத் தலைமை தாங்கிய காலத்தில். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து போய்விட்டார். கோடுகள் அடித்தது 1944 ஜூன் மாதத் தொடக்கத்தில். அப்போது அவரிடம் இருந்தது எம்கே 392 என்ற வேறு ஸ்பிட்ஃபயர். அதிலும் ஜேஇ-ஜே என்றுதான் எழுதியிருந்தது. எழுதாமல் என்ன, அவர் பெயர்தானே அது!

சரி, சீரியலை மட்டும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மூக்கின் அடியில் நான் ஒட்டியிருந்தது தொடக்ககால மார்க் 9-இன் குட்டையான காற்றுவாய். 1944 விமானத்தில் இருப்பது நீளமானது. பிய்த்தால் இறக்கையின் அடிப்பகுதியே போய்விடும். கோடுகளைத் தின்னரால் அழிக்கப்போய் பேனல் கோடுகள் மழுங்கின. இன்னொரு டெக்கல் தாள், இன்னும் இரண்டு மாத வேலை. இப்போதும் எரிச்சல் வருவது அவர்மேல் அல்ல. சீரியல் எண் என் கண்முன்னே, கையிலிருந்த தாளிலேயே இருந்தது. அதை அலங்காரம் என்று நினைத்து ஒட்டினேன் பாருங்கள், அதில்தான்.

எழுத்துகள் ஆளுக்கோ ஸ்குவாட்ரனுக்கோ உரியவை. சீரியல் எண் மட்டும்தான் அந்த இயந்திரத்துக்கு உரியது. சாதாரண ஸ்குவாட்ரன்களிலும் இதே கதைதான். இரண்டு எழுத்து ஸ்குவாட்ரனைக் குறிக்கும், மூன்றாவது தனி விமானத்தை. அந்த விமானம் விழுந்துவிட்டால், பதிலுக்கு வரும் புது விமானம் அதே எழுத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆகவே தேடலைச் சீரியல் எண்ணிலிருந்து தொடங்குங்கள். அது எப்போது படைக்கு வந்தது, எந்த ஸ்குவாட்ரனில் எந்த மாதங்கள் இருந்தது, எப்போது தொலைந்தது என்று பாருங்கள். மாதம் கிடைத்துவிட்டால் பாதி அடையாளங்கள் தானாகவே அமைந்துவிடும்.

பிரிட்டனிலிருந்து பறந்த பகல்நேரப் போர் விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு ரவுண்டலை (வட்ட வடிவ தேசிய அடையாளம்) சுற்றி மஞ்சள் வளையமும் வாலில் மூவண்ணப் பட்டையும் 1940 மே மாதவாக்கில் வந்தன. வால்பக்கத்தில் வெளிர்பச்சையான ஸ்கை நிற வளையம் அந்த ஆண்டு நவம்பர் கடைசியில். பச்சை-பழுப்பு போய்ப் பச்சை-சாம்பல் வந்தது 1941 ஆகஸ்டில். மஞ்சள் வளையமும் வெள்ளையும் மெலிந்தது 1942 நடுவில். பச்சை-பழுப்பு ஸ்பிட்ஃபயரில் மெலிந்த மஞ்சள் வளையம் தெரிந்தால் நான் உடனே சீரியலைத் தேட ஆரம்பித்துவிடுவேன். உத்தரவு வந்த அன்றே எல்லா விமானங்களும் மாறிவிடவில்லை என்பதும் உண்மை. அதனால் தேதி தெரிந்த ஒரு படம் இருந்தால், உத்தரவைவிட அந்தப் படத்தை நம்புவேன்.

அமெரிக்கர்களிடமும் இதே குழி உண்டு. அமெரிக்க விமானி டான் ஜென்டைல் தன் ‘ஷாங்ரி-லா’ என்ற மஸ்டாங் போர் விமானத்தைத் தாழப் பறந்து வித்தை காட்டப்போய் நொறுக்கியது 1944 ஏப்ரல் 13 அன்று. படையிறக்கம் ஜூன் 6. அந்த விமானத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட மாடலைப் பார்த்தால் என் பழைய காயம் வலிக்கும்.

ஸ்பிட்ஃபயர் கொண்டுவந்தவரிடம் நானும் “எந்த மாதம்?” என்றுதான் கேட்டேன். அன்று நான் விழித்த மாதிரியே அவரும் விழித்தார்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தைப் படிப்பது

அக்காலத்தில் இரண்டு வகை ஃபிலிம் புழங்கியது. ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சள் இருண்டு போகும், நீலம் வெளுத்துவிடும். பேன்குரோமாட்டிக் ஃபிலிமில் இவை ஓரளவு கண்ணுக்குத் தெரிவது போலவே வரும். 1940-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் ரவுண்டலின் வெளிவளையம் கறுப்பாகத் தெரிவதை வைத்து, மஞ்சளே இல்லை என்று வாதிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வளையம் மஞ்சளாக இருந்ததால்தான் கறுப்பாகத் தெரிந்தது.

எந்த ஃபிலிம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் விமானத்தின் வால்பட்டையில் முன்பக்கம் இருப்பது எப்போதும் சிவப்பு, பின்பக்கம் நீலம். முன்பட்டை மையாகவும் பின்பட்டை வெளிறியும் இருந்தால் ஆர்த்தோ. அதே படத்தில் உள்ள மற்ற நிறங்களை அதற்கேற்ப எடைபோடுங்கள்.

பிற்காலத்தில் வண்ணமேற்றிய படங்கள்

யாரோ ஊகித்த நிறம். ஆதாரம் அல்ல.

அமெரிக்க நட்சத்திரம் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

போருக்குள் அமெரிக்கா வந்தபோது நட்சத்திரத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று 1942 மே மாதம் அதை எடுத்தார்கள். 1943 ஜூன் 29 முதல் இருபுறமும் வெள்ளைப் பட்டைகள், சுற்றிலும் சிவப்பு விளிம்பு. அந்தச் சிவப்பும் குழப்பியதால் ஆகஸ்ட் நடுவில் விளிம்பை நீலமாக்க உத்தரவு வந்தது. உத்தரவுப்படி சிவப்பு விளிம்பின் ஆயுள் ஏழு வாரம்கூட இல்லை, ஆனால் மாடல் மேசைகளில் அது போர் முழுக்க வாழ்கிறது. பார்க்க அழகாக இருக்கிறதே, அதனால்தான். பர்மா முனையில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களிலும் இதே காரணத்தால் சிவப்பு போய், இரண்டு நீலங்கள் கொண்ட சின்ன ரவுண்டல் வந்தது.

இன்று பறக்கும் பழைய விமானத்தைப் பார்த்து அடிப்பது

அதன் உடல் ஒரு விமானத்துடையது, மேலே எழுதிய அடையாளம் பெரும்பாலும் இன்னொரு விமானத்துடையது. பளபளப்பு இன்றையது.

ஒரு பக்கத்தை வைத்து மறுபக்கத்தை ஊகிப்பது

வேண்டாம். இடதுபக்கம் இருந்த ஓவியம் வலதுபக்கம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

படையிறக்கக் கோடுகளைக் கத்தி மாதிரி அடிப்பது

ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு கோடும் 18 அங்குல அகலம். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் ஆறேகால் மில்லிமீட்டர், நாற்பத்தெட்டில் ஒன்பதரை. இது கணக்கு. நடந்தது வேறு: ரகசியம் காக்க வேண்டி, படையிறக்கத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்புதான் பல தளங்களில் பெயிண்ட் வாளியும் பிரஷும் எடுத்தார்கள். கோடு கோணலாகப் போனது, பெயிண்ட் மெல்லிசாக விழுந்தது. இறக்கையின் மேல்பக்கத்திலும் உடலின் மேல்பாதியிலும் இருந்த கோடுகளை ஒரு மாதம் போல ஆனதும் அழிக்கத் தொடங்கினார்கள், அடிப்பக்கத்தில் விட்டுவைத்தார்கள். ஆகவே ஆகஸ்ட் விமானத்துக்கு முழுக் கோடு போடும் முன் படத்தைப் பாருங்கள். இன்னொன்று, வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு. மாற்றிப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.