பொறியியல் கலந்தாய்வு: பட்டியல் போடும் முறையும் முதல் செமஸ்டரும்

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் நல்ல கட் ஆஃப் இருந்தும் நல்ல இடத்தைக் கோட்டை விடுகிற பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. பெரும்பாலும் விருப்பப் பட்டியலை, அதாவது சேர விரும்பும் கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாக எழுதித் தரும் பட்டியலை, அடுக்கிய விதத்தில்தான் அது நடக்கிறது. அதனால் மற்றவற்றைச் சுருக்கிவிட்டு அதைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறோம்.

முதலில் சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழ், தேவைப்படுவோருக்கு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்தபின் போனால் கூட்டம் அலைமோதும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கோப்பு தேங்கும்.

கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும். கணித மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதியைக் கூட்ட வேண்டும். கணிதம் 94, இயற்பியல் 88, வேதியியல் 91 என்றால் 94 + 44 + 45.5 = 183.5. சம கட் ஆஃப் வந்தால் முதலில் கணித மதிப்பெண் பார்க்கப்படும். மற்ற அளவுகோல்கள் எல்லாவற்றிலும் சமமாக நின்றால்தான் கடைசியாக ரேண்டம் எண்ணுக்கு (கணினி குலுக்கலாகத் தரும் எண்) வேலை.

தரவரிசை வந்ததும் போன ஆண்டின் கட் ஆஃபை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஓராண்டு கணிதத் தாள் எளிதாக இருந்தால் எல்லோருடைய கட் ஆஃபும் மேலே போய்விடும்; 183 என்ற எண்ணுக்குப் போன ஆண்டு இருந்த மதிப்பு இந்த ஆண்டு இருக்காது. உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கான தரவரிசையை, அதே பிரிவில் போன ஆண்டு நீங்கள் விரும்பும் கல்லூரியில் கடைசியாக இடம் கிடைத்தவரின் தரவரிசையோடு ஒப்பிடுங்கள்.

இனி பட்டியல். கணினி உங்கள் முதல் விருப்பத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, இடம் இருக்கிற முதல் வரியில் நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் அந்தச் சுற்றில் பயன் இல்லை. "கிண்டி பொறியியல் கல்லூரி எப்படியும் கிடைக்காது, எதற்கு எழுத வேண்டும்" என்று விட்டுவிடுவது தவறு. கிடைக்காத கல்லூரியை மேலே எழுதுவதால் எந்த நஷ்டமும் கிடையாது. எளிதில் கிடைக்கும் கல்லூரியைப் பயந்து மேலே போடுவதுதான் நஷ்டம்.

அடுக்குவதற்கு முன் தாளில் மூன்று கூறாக எழுதிப் பாருங்கள்: உங்கள் தரவரிசைக்கு எட்டாதவை, ஒட்டி இருப்பவை, உறுதியாகக் கிடைப்பவை. மூன்றாம் கூறில் குறைந்தது பத்துப் பதினைந்து வரிகள் இருக்கட்டும். பட்டியல் குட்டையாக இருந்தால் அந்தச் சுற்றில் இடமே இல்லாமல் போகலாம். கல்லூரிப் பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். கிண்டிக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4, பி.எஸ்.ஜி. டெக்கிற்கு 2006. ஒரே சாமி பெயரில் நாலைந்து கல்லூரிகள் இருக்கிற ஊர் இது. பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.எஸ்.' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அதே கல்லூரியிலேயே அதற்குக் கட்டணம் கூடுதல்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் உறுதிசெய்ய வழக்கமாக இரண்டு நாள்தான் கிடைக்கும். பதில் சொல்லாமல் இருந்தால் இடம் போய்விடும். கிடைத்தது போதும் என்றால் ஏற்றுச் சேருங்கள். 'ஏற்றுக்கொண்டு மேல்நோக்கி' (கிடைத்ததை வைத்துக்கொண்டு பட்டியலில் அதற்கு மேலே உள்ளதற்குக் காத்திருப்பது) என்பதைத் தேர்ந்தால், கட்டணத்தை உதவி மையத்தில் கெடுவுக்குள் கட்ட வேண்டும். மேலே உள்ள விருப்பம் ஒன்று கிடைத்துவிட்டால் கீழே இருந்த இடம் தானாக ரத்தாகும். திரும்பக் கேட்க முடியாது. அதனால் மேலே உள்ள ஒவ்வொரு வரியும் நீங்கள் மனதாரச் சேர விரும்புவதாக இருக்க வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5% ஒதுக்கீட்டிலும் பொதுவிலும் இரண்டு இடம் வரலாம். கட்டணத்தை அரசு ஏற்பது 7.5% இடத்துக்கு மட்டும் என்பதை நினைவில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

சேர்ந்த பின் அரியர் விழும் இடம் பெரும்பாலும் முதல் செமஸ்டர் கணிதம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிப்படி இணைப்புக் கல்லூரிகளில் தியரிப் பாடத்துக்கு இன்டர்னல் (கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்) 40, செமஸ்டர் தேர்வு 60; செமஸ்டர் தாளை நூறுக்கு எழுதினாலும் அது அறுபதாகக் குறைக்கப்படும். மொத்தம் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 சதவீதம் வேண்டும். இன்டர்னலில் 32 இருந்தால் நூறு மதிப்பெண் தாளில் 45 எடுத்தாலே தேறலாம். இன்டர்னல் 12 என்றால் அதே தாளில் 64 எடுக்க வேண்டும். இன்டர்னல் தேர்வுகளை யாரும் அலட்சியமாக விடக்கூடாது என்று சொல்வது இதனால்தான். தன்னாட்சிக் கல்லூரிகளில் விதி வேறாக இருக்கும், 2021-க்குப் பின் சேர்பவர்களுக்குப் புதிய விதியும் வந்திருக்கலாம்; முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் மாதம் வகுப்பு புரியாமல் திணறுவது இயல்பு. பாடம் கடினமாகத் தோன்றினாலும் அதில் பல பகுதிகள் நீங்கள் பிளஸ் டூவில் தமிழில் படித்தவைதான். கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரே நோட்டில் எழுதிவாருங்கள். விடையைப் படிப்பதோடு நில்லாமல் ஆங்கிலத்தில் தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள். 'தமிழர் மரபு' தாளைத் தமிழிலேயே எழுதலாம்.

ராகிங் என்றால் பொறுத்துப் போக வேண்டாம்; ராகிங் தடுப்பு உதவி எண்: 1800-180-5522. மனது தாங்கவில்லை, தூக்கம் இல்லை, வீட்டில் சொல்லவும் முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். விடுதி அறையில் கூட இருக்கிறவர் அப்படி ஒடுங்கிக் கிடந்தாலும் அந்த எண்ணை அவருக்குக் கொடுங்கள்.