கரிசல் காட்டுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் கம்பூட்ஸ் வாங்குவது எப்படி?

கம்பூட்ஸை (முழங்காலுக்குக் கீழ்வரை வரும், தண்ணீர் புகாத பூட்ஸ்) நடவு வயலுக்காக வாங்க நினைத்தால் காசை மிச்சம் பண்ணுங்கள். தொளி கலக்கிய சேற்றில் பூட்ஸ் மாட்டிக்கொள்ளும், கால் மட்டும்தான் வெளியே வரும். நான் சொல்வது எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டு வேலை, தொழுவம் கழுவுவது, மருந்தடிப்பு, ராத்திரி தண்ணீர் பாய்ச்சுவது ஆகியவற்றுக்கு.

1. எதில் செய்தது?

கடைகளில் அதிகம் கிடைப்பது பி.வி.சி. விலை குறைவு, கழுவுவது எளிது. ஆனால் வெயிலில் கிடந்தால் விறைத்து, கணுக்கால் மடிப்பில் விரிசல் விடும். இயற்கை ரப்பர் நன்றாக வளையும், ஆனால் கனம். டீசல், எண்ணெய் பட்டால் உப்பிவிடும். மோட்டார் ரூமில் நிற்பவர்களுக்கு அது ஆகாது. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கலந்த பி.வி.சி. எண்ணெய்க்கும் தொழுவம் கழுவும் மருந்துக்கும் தாங்கும் என்பதால் என் ஓட்டு அதற்குத்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்: ரப்பர் என்றால் ஐ.எஸ். 5557, பி.வி.சி. என்றால் ஐ.எஸ். 12254.

2. விரலும் அடிப்பாகமும்

வெளிநாட்டு வீடியோக்களில் நடுப்பாதத்துக்குக் கீழே இரும்புப் பட்டை வேண்டும் என்பார்கள். அவர்கள் மண்வாரியைக் காலால் மிதித்து இறக்குகிறவர்கள். நம் மண்வெட்டி ஓங்கி வெட்டும்போது நம் காலைப் பார்த்துத்தான் வருகிறது. அதனால் நமக்கு விரல் பக்கம்தான் இரும்பு வேண்டும். அப்புறம் சீமைக் கருவேல முள். சாதாரண அடிப்பாகத்தை அது சுலபமாகத் துளைத்துவிடும். பூட்ஸில் எஸ்5 (ஐரோப்பியப் பாதுகாப்புத் தரக் குறியீடு) என்று போட்டிருந்தால் விரலுக்கு இரும்போ அதற்கு ஈடானதோ ஆன கவசமும் அடியில் முள், ஆணி ஏறாத தகடும் உண்டு என்று அர்த்தம். எஸ்4 என்றால் தகடு கிடையாது. தொழுவத்துக்கு மட்டும் என்றால் எஸ்4 போதும்.

ஆழமான பள்ளம் வைத்த அடிப்பாகம் கடையில் பார்க்க நன்றாக இருக்கும். மழை பெய்த கரிசலில் அரைக் கிலோ மண்ணைக் கூடவே தூக்கிக்கொண்டு வரும். பள்ளங்கள் அகலமாக, ஓரம் வரை திறந்திருந்தால் மண் தானே உதிரும்.

3. அளவு (இங்கேதான் நிதானம் வேண்டும்)

கயிறு இல்லாத செருப்பு வகை இது. இறுக்கிக் கட்ட வழியில்லை. சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். போடப்போகிற காட்டன் சாக்ஸையும் எடுத்துப்போங்கள்.

முதலில் உள்ளே இருக்கும் அட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டிப் பிதுங்கினால் அந்த மாடலே உங்களுக்கு ஒத்துவராது. வெறுங்காலில் நடந்து வளர்ந்த நமக்கு முன்பாதம் அகலம். உடனே கடைக்காரர் "ஒரு சைஸ் கூடப் போடுங்க அண்ணே" என்பார். வேண்டாம். அகலம் கிடைக்கும், கூடவே நீளமும் கூடும். குதிகால் ஏறி இறங்கி, சாக்ஸ் பாதத்துக்கு அடியில் சுருண்டு, கொப்புளம் வந்துவிடும். சைஸை விட்டுவிட்டு கம்பெனியை மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் ஒருவரை பூட்ஸின் முனையைத் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லி, குதிகாலைத் தூக்குங்கள். அரை அங்குலம் எழும்பினால் சரி. ஓர் அங்குலம் என்றால் ஈர மண்ணில் கால் கழன்றுவிடும்.

கடைசியாக, பால் கறக்க உட்காருவதுபோல் குந்தி உட்காருங்கள். கடையில் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். மேல் விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தில் குத்தினால் 12 அங்குல உயரத்துக்கு இறங்குங்கள். 15 அங்குலம் ராத்திரித் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு. பாம்பு பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் கொத்தும் என்றாலும் டார்ச் இல்லாமல் வரப்பில் இறங்காதீர்கள்.

4. போடுவதும் வைப்பதும்

மருந்தடிக்கும்போது பேண்ட்டை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் வழிகிற மருந்து நேராகப் பாதத்துக்குப் போகும். வேலை முடிந்ததும் கழுவி, நிழலில் தலைகீழாகக் கம்பில் மாட்டுங்கள். அட்டையைத் தனியே காயவையுங்கள். காலையில் உதறாமல் காலை விடாதீர்கள், தேள் இருக்கும்.

பின்சேர்க்கை: பெண்களுக்கு அளவே கிடைப்பதில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். உண்மைதான், விவசாயச் சாமான் கடைகளில் பெரும்பாலும் 6-க்குக் கீழே வைப்பதில்லை. தூத்துக்குடி இறால் பதனிடும் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கே போடும் வெள்ளை கம்பூட்ஸ் சின்ன அளவிலும் வரும். ஆலைகளுக்குச் சாமான் கொடுக்கும் கடைகளில் கேளுங்கள். தொழுவ வேலைக்கு அது தாராளமாகப் போதும். கறுப்பைவிட வெயிலில் சூடும் குறைவு. சாணிக் கறைதான் பளிச்சென்று தெரியும்.