பழைய கணினியில் ஓஎஸ் பாதியில் நின்றுவிட்டதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பழைய கணினியில் ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) மறுபடி போடும்போது பாதியில் நின்றுவிட்டால், பெரும்பாலானோர் உடனே செய்வது அதே பென் டிரைவைச் செருகி அதே செட்டப்பை மறுபடி ஓட்டுவதுதான். இரண்டாவது முறையும் நிற்கும். பல நேரம் ஓஎஸ் மீது தவறே இருக்காது. வருடக்கணக்கில் உழைத்த இயந்திரத்தில் ஏதோ ஒரு பாகம் தளர்ந்திருக்கும். அன்றாட வேலையில் அது வெளியே தெரியாது. ஓஎஸ் போடும்போது பல ஜிபி டேட்டாவை ஒரே மூச்சில் படித்து, விரித்து, டிஸ்கில் எழுத வேண்டும். அப்போதுதான் ரேமின் குறையும் டிஸ்கின் குறையும் வெளியே வரும்.

அதனால் முதல் கேள்வி, எங்கே நின்றது? பென் டிரைவிலிருந்து கணினி பூட் (தொடக்கம்) ஆகவே இல்லையா, டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கிறதா, ஃபைல்கள் காப்பி ஆகும்போது நின்றதா, ரீஸ்டார்ட் ஆன பிறகா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. திரையில் வரும் பிழைச் செய்தியை மூடுவதற்கு முன் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதோ எரர் வந்தது" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் உதவ முடியாது.

டேட்டாவை எடுக்காமல் மறுபடி முயல்வது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். மற்றவற்றைத் திருத்திக்கொள்ளலாம், அழிந்த படங்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது. செட்டப்பை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் டிஸ்கில் ஏதோ எழுதப்படுகிறது. அந்த டிஸ்க் சாகும் நிலையில் இருந்தால், கடைசியாக மிச்சமிருக்கும் தெம்பையும் நீங்களே உறிஞ்சிவிடுகிறீர்கள்.

முதலில் நிறுத்துங்கள். இன்னொரு கணினியில் லினக்ஸ் லைவ் பென் டிரைவ் ஒன்று தயார் செய்து, அதில் பூட் செய்யுங்கள். டிஸ்கில் எதையும் நிறுவாமலே லினக்ஸ் ஓடும். உங்கள் ஃபைல்கள் தெரிந்தால் வெளி டிஸ்குக்குக் காப்பி செய்துவிடலாம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

தவறிப்போய் ஃபார்மேட் ஆகிவிட்டாலும் உடனே மனம் தளர வேண்டாம். செட்டப் செய்வது விரைவு ஃபார்மேட். ஹார்டு டிஸ்கில் மேலே வேறு எதுவும் எழுதப்படாத வரை பழைய டேட்டா பெரும்பாலும் அங்கேயே இருக்கும், மீட்பு மென்பொருளால் எடுக்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை மிகக் குறைவு. டிஸ்கிலிருந்து 'கட் கட்' என்று சத்தம் வந்தால் மட்டும் எந்த மென்பொருளையும் ஓட்டிப் பார்க்காமல் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். அது டேட்டா மீட்பில் தேர்ந்தவர்கள் பார்க்க வேண்டிய வேலை.

லைவ் லினக்ஸில் இருக்கும்போதே டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தையும் (டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) பாருங்கள். மேலே "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி வரும், அதை மட்டும் நம்ப வேண்டாம். பார்க்க வேண்டியவை மூன்று வரிகள். 5-ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களை (டிஸ்கின் சிறு பகுதிகளை) சொல்கிறது. 197-ஆம் எண் வரி, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இவை இரண்டும் பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கில் ஓஎஸ் போடுவது வீண். மூன்றாவது 199-ஆம் எண், சிஆர்சி பிழை, அதாவது டேட்டா வரும் வழியில் நேர்ந்த பிழை. இது மட்டும் அதிகமாக இருந்தால் டிஸ்க் நல்லதாகவே இருக்கலாம், டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் பழுது. அந்த எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. எனவே கேபிளை மாற்றிவிட்டு, அதற்கு மேல் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் சரியான வழி.

பென் டிரைவையும் ரேமையும் சந்தேகிக்காமல் விடுவது

80070570 என்று முடியும் பிழை எண் வந்தால் பலரும் டிஸ்கைக் குறை சொல்கிறார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தம், ஃபைல் சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்பதுதான். சிதைந்தது டவுன்லோட் ஆகும்போதா, பென் டிரைவிலா, ரேமுக்கு வந்த பிறகா, டிஸ்கில் எழுதும்போதா என்று அது சொல்லாது.

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். டவுன்லோட் செய்த ஐஎஸ்ஓ ஃபைலின் (ஓஎஸ் செட்டப் முழுதும் அடங்கிய ஃபைல்) எஸ்எச்ஏ-256 மதிப்பை, அதாவது அதன் சரிபார்ப்பு எண்ணை, வெளியிட்டவர்கள் தந்திருக்கும் மதிப்போடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி டவுன்லோட் செய்ய வேண்டியதுதான். அப்புறம் வேறொரு பென் டிரைவ், வேறொரு போர்ட். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம் இருக்கும் யூஎஸ்பி 2.0 போர்ட்டே நல்லது. விண்டோஸ் 7 செட்டப்பில் யூஎஸ்பி 3.0 டிரைவரே கிடையாது. அதனால்தான் பென் டிரைவிலிருந்து பூட் ஆன பிறகும் அது "சிடி டிரைவர் இல்லை" என்று கேட்டுக் குழப்புகிறது.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு சதவீதத்தில் நின்றால் நான் முதலில் ரேமைத்தான் பார்ப்பேன். மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருளைப் போட்டு ஒரு முழுச் சுற்றாவது ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விட்டுவிடக் கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துச் சோதித்தால் எது பழுது என்று தெரிந்துவிடும்.

பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) கண்டதையும் மாற்றுவது

"இந்த டிஸ்க் ஜிபிடி வகை, இதில் விண்டோஸ் போட முடியாது" என்று செட்டப் சொல்லும். இல்லாவிட்டால் நேர்மாறாக, எம்பிஆர் வகை என்று சொல்லும். இரண்டும் டிஸ்கின் பார்ட்டிஷன்களைப் பதிந்து வைக்கும் முறைகள். இந்தச் செய்தியைப் பார்த்ததும் டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியில் 'கிளீன்' அடித்துவிடுபவர்கள் அதிகம். அந்த ஒரு சொல் டிஸ்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும், 'டி' டிரைவில் இருப்பதையும் சேர்த்து, நீக்கிவிடும்.

பல நேரம் அதற்குத் தேவையே இல்லை. பூட் மெனுவைத் திறந்தால் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) என்று இருக்கும், இன்னொன்றில் வெறும் பெயர் மட்டும். ஜிபிடி என்று குறை சொன்னால் யூஇஎஃப்ஐ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் என்று குறை சொன்னால் மற்றதை. விண்டோஸ் ஜிபிடி டிஸ்கில் யூஇஎஃப்ஐ வழியாகவும், எம்பிஆர் டிஸ்கில் பழைய பயாஸ் வழியாகவும்தான் பூட் ஆகும், அவ்வளவுதான். உண்மையிலேயே 'கிளீன்' தேவைப்பட்டால் மற்ற டிஸ்குகளைக் கழற்றிவிட்டு, பட்டியலில் அளவைப் பார்த்து உறுதி செய்த பிறகே அடியுங்கள்.

டிஸ்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா மோடை (கணினி டிஸ்கோடு பேசும் முறையை) பாருங்கள். ரெய்டு என்று இருந்தால் அதற்குரிய டிரைவரைச் செட்டப்பில் ஏற்ற வேண்டும், அல்லது ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். எதை மாற்றினாலும் பழைய அமைப்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மாற்றிய அமைப்பு இன்று பழையபடி ஆகிவிட்டதா? தேதியும் பல வருடம் பின்னால் காட்டுகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போகும். பழைய மேக்கில் ரெக்கவரி சர்வரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை என்று வருவதற்கும் இது ஒரு காரணம்.

இயந்திரத்தால் தாங்க முடியாத ஓஎஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால், பழைய கணினியிலும் விண்டோஸ் 11-ஐத் திணிக்கப் பார்க்கிறார்கள். டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) சோதனையைத் தாண்டிச் செல்ல வழிகள் உண்டு. ஆனால் 24எச்2 பதிப்புக்கு பிராசசரில் எஸ்எஸ்இ4.2 வசதி இருந்தே தீர வேண்டும், அது இல்லாத பிராசசரில் எந்தத் தந்திரமும் பலிக்காது. 32 பிட் பிராசசர் என்றால் லினக்ஸிலும் கவனம் தேவை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலர் இல்லை, டெபியன் 12-இல் உண்டு. 2 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான லினக்ஸ் டெஸ்க்டாப் சூழல்தான் பொருத்தம்.

செட்டப் முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி மொழி கேட்கும் திரைக்கே வந்தால் அது தோல்வியே இல்லை. மறுபடியும் பென் டிரைவிலிருந்து பூட் ஆகியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். லைசென்ஸ் கீ கேட்டால் பயந்துபோய்ப் புதிதாக வாங்க வேண்டாம். முன்பு ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10-க்கோ 11-க்கோ டிஜிட்டல் லைசென்ஸ் இருந்தால் அது மதர்போர்டோடு இணைந்திருக்கும். "கீ இல்லை" என்பதை அழுத்தி, முன்பிருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, தேர்ந்தெடுத்தால் இன்டர்நெட் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.