ஊர்க் கிணறும் உங்கள் வயிறும்

கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் செல்வோர், உறவினருக்கான சொக்லேட்டைப் பெட்டியில் அடுக்குவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடத் தாங்கள் குடிக்கப்போகும் தண்ணீரில் காட்டுவதில்லை. “இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தானே வளர்ந்தோம்” என்பார்கள். அந்தப் பேச்சு இரண்டு இடங்களில் உதைக்கிறது. இருபது, முப்பது ஆண்டுகள் வெளியில் வாழ்ந்த உடல், சிறுவயதில் பழகிய கிருமிகளைத் தாங்கும் திறனைப் பெருமளவு இழந்திருக்கும். புலம்பெயர்ந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கோ அந்தப் பழக்கமே இல்லை. கிணறும் முன்னைய நிலையில் இல்லை.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் பாறைக்குள் தேங்கும் மழைநீரையே பெரும்பாலான கிணறுகள் நம்பியிருக்கின்றன. மணலில் இறங்கும் நீர் வடிபட்டு இறங்கும். வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல்லில் அது வடிபடாமலே ஓடிவிடும். நிலத்தடி ஊற்றில் நிறையும் நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்தவர்களுக்கு நிலத்தடியில் நீர் எவ்வளவு தாராளமாக வழி வைத்திருக்கிறது என்பது விளங்கும். மலசலகூடக் குழியின் கழிவுக்கும் அதே வழிதான். நாலு பரப்புக் காணியில் ஒரு வீடும் ஒரு கிணறுமாக இருந்த இடம் இன்று துண்டுதுண்டாகப் பிரிந்து, உங்கள் கிணற்றுக்கு நேரே மதிலுக்கு அப்பால் அயல்வீட்டுக் குழி இருக்கக்கூடும். எனவே போய் இறங்கியதும் குழி எங்கே இருக்கிறது என்றும், கடந்த மாரியில் வெள்ளம் கிணற்றுக்கட்டைத் தாண்டியதா என்றும், தாண்டியிருந்தால் கிணறு இறைக்கப்பட்டதா என்றும் கேட்டுவிடுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் குளோரின் இட்ட கிணற்றில் மருந்து மணம் வரும். அதற்கு முகம் சுளித்து, மணமில்லாத அயற்கிணற்றுக்கு வாளியுடன் போனவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு அந்த மணமுள்ள தண்ணீரில்தான் நம்பிக்கை.

எந்தக் கிணறானாலும் கொதிக்கவைப்பதே நல்லது. “சுடவைத்தது” என்று பல வீடுகளில் சொல்லப்படுவது இளஞ்சூடுதான். குமிழி பொங்கிக் கொதித்த பின்னும் ஒரு நிமிடம் விட வேண்டும். அப்போது குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றோட்டக் கிருமியும் அழியும். மூடி ஆறவைத்து, கிண்ணம் விட்டு அள்ளாமல் சரித்து ஊற்றிக் குடியுங்கள். ஆனால் தோட்ட உரத்திலிருந்து கிணற்றில் சேரும் நைத்திரேற்று கொதித்தாலும் போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகையால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு, முத்திரை உடையாத போத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பால்மாவைக் கரைப்பது பாதுகாப்பானது.

சங்கடம் உறவினர் வீட்டில்தான். படியேறியதும் செம்பில் தண்ணீர் வரும். மறுத்தால் மனம் நோகும். “மாமி, ஒரு தேத்தண்ணி தாங்கோ” என்று முந்திக்கொண்டு கேட்பது என் வழக்கம். கொதித்த நீரும் கிடைக்கும், மாமிக்கும் சந்தோஷம். ஐஸ் போட்ட சர்பத், பல் விளக்கும் நீர் ஆகியவற்றைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். என் தங்கையின் மகள் நான்கு நாள் போத்தல் தண்ணீர் தவிர வேறெதையும் குடிக்கவில்லை. பல் விளக்கியதோ கிணற்றடிக் குழாயில். ஐந்தாம் நாள் படுத்துவிட்டாள். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் அன்றிலிருந்து எங்கள் பல்தூரிகைக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் நிற்கிறது.

வயிற்றோட்டம் தொடங்கிவிட்டால் உயிருக்கு ஆபத்தைக் கொண்டுவருவது நீரிழப்பே. மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஜீவனி என்ற நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூள் பொதி முழுவதையும், அதில் குறித்துள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, 24 மணிநேரத்துக்குள் முடியுங்கள். பாதிப் பொதி, பாதித் தண்ணீர் என்று கண்மதிப்பில் கலக்கக்கூடாது. பொதி கிடைக்காத இடத்தில் ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுபோகும், வயிற்றோட்டத்தைக் கட்டும் லோபரமைட் மாத்திரையைச் சிறு பிள்ளைகளுக்கோ, காய்ச்சலோ இரத்தமோ உள்ளவர்களுக்கோ கொடுக்கக்கூடாது. மலத்தில் இரத்தம், நிற்காத சத்தி, அழுதும் கண்ணீர் வராமை, ஆறு மணிநேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

நெருப்புக் காய்ச்சலுக்கும் (தைபொயிட்), ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ-க்கும் தடுப்பூசி உண்டு; புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். ஹெப்பற்றைற்றிஸ் ஏ உடலில் புகுந்து 50 நாள் வரை அடையாளம் காட்டாமல் இருக்கக்கூடும் என்பதால், திரும்பி வந்து ஒரு மாதம் கழிந்தபின் கண் மஞ்சளித்தாலோ விடாக் காய்ச்சல் வந்தாலோ, ஊருக்குப் போய்வந்த திகதியை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.