கைத்தூண்டில் போடுவது எப்படி: முட்டுக்காட்டில் தொடங்குங்கள்

சென்னையில் கரையிலிருந்து மீன் பிடிக்க ராடும் ரீலும் வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. ஐம்பது மீட்டர் நரம்பு (நைலான் தூண்டில் கயிறு), ஒரு ஈயம், நான்கைந்து தூண்டில் முள் இருந்தால் கிழங்கான், ஊடான், கெளுத்தி, செப்பிலி எல்லாம் பிடிக்கலாம். மீன் இரையைத் தொட்டதும் விரலுக்கு நேராகத் தெரியும். அந்த உணர்வு கெடாதபடி தூண்டிலைக் கட்டவேண்டும், அவ்வளவுதான்.

மெல்லிய நரம்பு மீன் கண்ணுக்குத் தெரியாது என்று 0.30 மி.மீ. வாங்காதீர்கள். விரலை அறுக்கும், காற்றில் பறந்து சிக்கு விழும். கையில் பிடிக்கும் தாய் நரம்பு 0.50 அல்லது 0.60 மி.மீ. இருக்கட்டும். முள் கட்டும் கிளை நரம்பு மட்டும் 0.35 மி.மீ., நாற்பது சென்டிமீட்டர் நீளம். முள் பாறையில் மாட்டினால் இந்த மெல்லிய துண்டுதான் அறும்; ஈயம் பெரும்பாலும் கைக்குத் திரும்பிவிடும்.

ஓட்டை ஈயத்தைத் தாய் நரம்பில் கோத்து, நுனியில் சுவிவல் (இரு பக்கமும் வளையம் உள்ள சுழலும் இணைப்பு) கட்டுங்கள். சுவிவலின் மறுபக்கம் கிளை நரம்பும் முள்ளும். கழிமுகத்துக்கு 30 கிராம் ஈயம் போதும், அலையடிக்கும் கடற்கரைக்கு 60 கிராம் வேண்டும். ஈயம் நரம்பில் வழுக்கி ஓடினால்தான் மீன் இரையை இழுக்கும்போது கனம் தெரியாமல் விழுங்கும். முள்ளின் எண் கூடக் கூட முள் சிறிது: கிழங்கானுக்கு 8 அல்லது 10, கெளுத்திக்கும் செப்பிலிக்கும் 2 அல்லது 1.

முடிச்சுக்கு, நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, அதன் மேலேயே ஆறு சுற்று சுற்றி, நுனியைக் காதை ஒட்டிய முதல் வளையத்தில் விட்டு, அதனால் உண்டாகும் பெரிய வளையத்திலும் விட்டு இழுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த நரம்பு உரசிச் சூடாகி முடிச்சிலேயே பலம் இழந்துவிடும்.

நரம்பைச் சுற்றி வைக்க நான்கு அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு போதும். முன் விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேயுங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் நரம்பின் இறுக்கத்தில் நசுங்கிவிடும்.

எறிவதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். இடது கையில் குழாயைப் பிடித்து, அதன் வாய் தண்ணீரைப் பார்க்கும்படி நீட்டுங்கள். நரம்பு முன் விளிம்பிலிருந்து உருவிக்கொண்டு போகவேண்டும். வலது கையிலிருந்து ஈயம் முக்கால் மீட்டர் தொங்கட்டும். உடம்புக்குப் பக்கவாட்டில், கீழே வரும்போது முன்னோக்கிப் போகும்படி இரண்டு மூன்று முறை சுழற்றி, ஈயம் அடியைத் தாண்டி முன்பக்கம் பாதி ஏறும்போது விடுங்கள். மார்பு உயரத்துக்கு வந்தபின் விட்டால் நேரே தலைக்கு மேல் போகும். அடியிலேயே விட்டால் காலடித் தண்ணீரில் விழும். சுழற்றும் முன் பின்னால் ஆள் நிற்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

இரைக்குச் சின்ன இறால். தலையைக் கிள்ளி, வாலிலிருந்து முள்ளை ஏற்றி, நுனி லேசாக வெளியே தெரியட்டும். ஐஸில் கிடந்து குழைந்த இறால் எறியும்போதே கழன்றுவிடும். முந்தின இரவு கல் உப்பில் போட்டு வைத்தால் கெட்டிப்படும்.

விழுந்ததும் தளர்வை இழுத்து, நரம்பை ஆள்காட்டி விரல் மேல் போட்டு லேசான இறுக்கத்தில் வையுங்கள். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. பெரிய மீன் இழுத்தால் விரல் போய்விடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரலுக்கு உறையாக மாட்டிக்கொள்ளுங்கள். டொக் டொக் என்ற தட்டலுக்கு அசையாதீர்கள், தொடர்ந்த இழுப்பு வரும்போது ஒரு கை நீளத்துக்கு வெடுக்கென்று இழுங்கள். தூரத்தில் இருக்கும்போது நரம்பு நீளும். இன்னும் பலமாக இழுக்க வேண்டும். பிறகு கை மாற்றிக் கை மாற்றித் தளர்வு விடாமல் வாங்குங்கள். மீன் திமிறினால் விரலிடுக்கில் வழுக்க விடுங்கள்.

சென்னைக்குத் தெற்கே உள்ள முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறும்போதும் இறங்கத் தொடங்கும்போதும் மீன் இரை தேடும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் தண்ணீர் ஓடாது, அன்று எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாலத்தின் மேல் நின்று எறியாமல் கரையில் நில்லுங்கள். அடையாறு முகத்துவாரத்தில் பழகலாம், ஆனால் அது சாக்கடை கலக்கும் தண்ணீர். அந்த மீனைச் சமைக்காதீர்கள்.

கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத்திலும் விஷமுள் உண்டு. துணியால் அமுக்கி, குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரைமணி நேரமாவது வைத்திருந்து, மருத்துவரிடம் போங்கள். பலூன் போல உப்பும் பேத்தையை அப்படியே தண்ணீரில் விட்டுவிடுங்கள்; அதன் விஷம் வேகவைத்தாலும் போகாது.

வீட்டுக்கு வந்ததும் நரம்பை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். கடைசி இரண்டு மீட்டரை விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்து, சொரசொரப்பு தட்டினால் அதுவரை வெட்டிவிட்டுப் புது முடிச்சுப் போடுங்கள். வெட்டிய துண்டுகளைக் கரையில் போட்டால் ஆமையும் பறவையும் சிக்கும். வீட்டுக் குப்பையில் போடுங்கள்.