படுகை நிலத்தில் மரம் வைக்கும் முன் மண்ணைப் பார்ப்பது எப்படி? (41 தேக்கு செத்த பிறகு எழுதுவது)

2019 ஆடியில் எங்கள் படுகையில் 60 தேக்குக் கன்று வைத்தேன். தஞ்சாவூர் போகிற வழியில் புதாற்றுக் (கல்லணைக் கால்வாய்) கரையில் நிற்கும் தேக்குகளைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. அங்கேயும் காவிரி மண், இங்கேயும் காவிரி மண், அப்புறம் என்ன என்று கணக்குப் போட்டேன். முதல் வருஷம் கன்றுகள் நன்றாகத்தான் வந்தன. அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் இலை மஞ்சளித்தது. தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியா போட்டேன். தை பிறப்பதற்குள் 41 கன்று போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு அடிக்குக் கீழே வேர் கறுத்து, தோல் கையோடு உரிந்து வந்தது.

நிலம் கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர்ப் பக்கம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில், முக்கொம்பில் மதகுகள் இடிந்த அதே மாதம், எங்கள் படுகையிலும் வெள்ளம் ஏறி இறங்கியது. ஆனால் தேக்கைக் கொன்றது வெள்ளம் இல்லை. 2020 மழைக்காலத்தில் எங்கள் நிலத்தில் தண்ணீர் தேங்கி நின்று ஒருவரும் பார்க்கவில்லை. மேலே கால் வைத்தால் பொலபொலவென்று இருந்த மண், ஒரு அடிக்குக் கீழே குளமாக இருந்திருக்கிறது. அமெரிக்க மண் அளவைக் கையேட்டில் வடிகாலை, அதாவது மண்ணிலிருந்து தண்ணீர் வடிகிற வேகத்தை, 7 வகையாகப் பிரிக்கிறார்கள். மிக வேகமாக வடியும் மண்ணில் தொடங்கி எண்ணினால் ஐந்தாவது வகை இது. நான் இதை அரைகுறை வடிகால் என்று சொல்கிறேன். சதுப்பு என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடும், மேட்டு நிலம் என்றால் கவலையே இல்லை. ஆளை ஏமாற்றுவது இந்த நடுவாந்திர மண்தான்.

தேவையானவை

மண்வெட்டி, கடப்பாரை, அளவு நாடா, ஒரு பாட்டில் தண்ணீர், வெள்ளைச் சாக்கு ஒன்று. கிடைத்தால் கையால் திருகும் ஆகர் (கம்பம் நடக் குழி போடுபவர்களிடம் இருக்கும்). முனையைக் குத்தினால் ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று ஆன்லைனில் விற்கிறார்கள். நானும் வாங்கினேன், வீட்டுத் துளசி மாடத்துக்குக்கூட உதவவில்லை. மண் நிறம் பார்க்கும் மன்செல் அட்டைப் புத்தகம் நல்ல பொருள்தான், ஆனால் ஒரு வயலுக்காக அவ்வளவு பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

படி 1: எங்கே தோண்டுவது

நிலத்தின் நடுவில் ஒரே ஒரு குழி போடாதீர்கள். வெள்ளம் வரும்போது ஆறு முதலில் கனமான மணலைக் கரையோரமே போட்டுவிடும். பொடி மண்ணைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய்ப் போடும். களியை, தண்ணீர் ஓட்டம் அடங்குகிற தாழ்வில் மெதுவாகப் படிய விடும். அதனால் ஆற்றோரம் மேடாகவும் மணற்பாங்காகவும் இருக்கும், உள்ளே போகப்போகத் தாழ்வும் களியும். ஆற்றுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஈர நிலம் என்று நினைக்கிறோம், படுகையில் அது பெரும்பாலும் தலைகீழ்.

மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, தாழ்வில் ஒன்று என மூன்று குழி போடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களைப் புரட்டினால் எப்போதோ வாய்க்கால் ஓடிய தடம் வளைந்த கருங்கோடாகத் தெரியும். எங்கள் நிலத்தில் அப்படி ஒரு கோடு இருக்கிறது. செத்த கன்றுகளில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டின் மேல்தான் நின்றன. கோரையும் நீர்முள்ளியும் அடர்ந்து கிடக்கும் மூலை இருந்தால், படமே பார்க்க வேண்டாம், அங்கே தோண்டுங்கள்.

படி 2: தோண்டுவது

ஒன்றரை அடிக்கு இரண்டு அடி அகலம், மூன்று அடி ஆழம் போதும். அதற்குக் கீழே ஆகரால் துளையுங்கள். ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்குப் படுகையில் குழி வெட்டவே கூடாது, மணல் அடுக்கு சொல்லாமல் சரியும். தோண்டிய மண்ணை வந்த வரிசையிலேயே சாக்கின் மேல் பரப்பி வையுங்கள். சூரியனைப் பார்த்திருக்கும் குழிச் சுவரைக் கத்தியால் லேசாகச் சீவிவிட்டால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும்.

படி 3: அடுக்குகளைப் படிப்பது

சாதாரண நிலத்தில் மேல்மண், அடிமண் என்று ஒரு ஒழுங்கு இருக்கும். படுகையில் அது கிடையாது. ஒவ்வொரு வெள்ளமும் தன் பங்குக்கு ஒரு அடுக்கு போட்டுவிட்டுப் போயிருக்கும். எங்கள் சரிவுக் குழியில் மேலே 9 அங்குலம் பொடி வண்டல், கீழே நான்கு விரல் கனத்துக்குக் காக்காப்பொன் மினுக்கும் மணல், அதற்கும் கீழே 10 அங்குலம் பிசுபிசு களி, மறுபடி மணல். 11ஆவது அங்குலத்தில், ஏர் எட்டாத ஆழத்தில், ஒரு ஷாம்பு பாக்கெட்! அதற்கு மேலே இருந்த அத்தனை மண்ணும் என் ஆயுளுக்குள் வந்து சேர்ந்ததுதான்.

இரண்டரை அடியில் ஒரு கரும்பட்டை வந்தது. களி என்று குறித்துக்கொண்டேன், தப்பு. அது வெள்ளம் மூடிவிட்ட பழைய மேல்மண், மக்கிய வேர்கூட இருந்தது. ஆழம் போகப்போக மக்கு குறையும் என்ற பாடம் வெள்ளப் படுகையில் செல்லாது.

களியா இல்லையா என்று பார்க்கக் கொஞ்சம் மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். ஒரு அங்குலம் போவதற்குள் ஒடிந்தால் வண்டல், இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் களி. நடுவில் நின்றால் களி கலந்த வண்டல்.

களிக்குக் கீழே மணல் இருந்தால் தண்ணீர் சர்ரென்று இறங்கிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். இறங்காது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி ஜல்லி மேல் வைத்துப் பாருங்கள். சொட்டி முடித்த பிறகும் பிழிந்தால் தண்ணீர் வரும். பொடித் துளை உள்ள மண் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அடியில் உள்ள பெரிய துளைக்குள் அதை எளிதில் விடாது, முழுசாக நிறைந்த பிறகுதான் விடும். எங்கள் களி அடுக்கில் நடந்தது இதுதான்.

படி 4: நிறம் பார்ப்பது (நான் விழுந்த இடம்)

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள்.

கன்று வைக்கும் முன்பு, 2019 சித்திரையில், நானும் ஒரு குழி போட்டேன். தண்ணீர் சொட்டுக்கூட இல்லை. களியில் செம்புள்ளிகள் தெரிந்தன. இரும்புச்சத்து உள்ள நல்ல மண் என்று மகிழ்ந்து மூடினேன். பக்கத்து வயல் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தண்ணி குடிச்ச மண்ணுப்பா" என்றார். சித்திரை வெயிலில் நின்றுகொண்டு இவர் எந்தத் தண்ணியைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

விஷயம் இதுதான். மண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றால், நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அடுத்து நைட்ரேட்டில் கை வைக்கும், அது வாயுவாகி மேலே போய்விடும். நான் போட்ட யூரியாவில் நைட்ரேட்டாக மாறிய பங்கும் அப்படித்தான் பறந்திருக்க வேண்டும். அப்புறம் மாங்கனீசு, அதற்கு அப்புறம் இரும்பு. மண் துகளில் துருவாக ஒட்டியிருந்த இரும்பு கரைந்து தண்ணீரோடு நகரும். அது கழன்று போன இடம் சாம்பல் நிறமாகும். தண்ணீர் இறங்கிக் காற்று நுழைந்ததும், நகர்ந்த இரும்பு போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி துருவாக உறையும், அதுதான் செம்புள்ளி. வருஷா வருஷம் தண்ணீர் ஏறி இறங்குகிற ஆழத்தில் சாம்பலும் துருவும் கலந்த திட்டுகள் விழுந்துவிடும். சித்திரையிலும் அவை அழியாது.

பார்க்கும் முறை: ஒரு கட்டியைக் கையால் உடையுங்கள், கத்தியால் வெட்டினால் நிறம் இழுபட்டுவிடும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, நேர் வெயிலில் பாருங்கள். போன் கேமராவை நம்பாதீர்கள், அது சாம்பலைப் பழுப்பாக்கிக் காட்டும். சாம்பல் திட்டு முதலில் தெரிகிற ஆழத்தை நாடாவால் அளந்து எழுதுங்கள்.

உழவு ஆழத்துக்கு உடனே கீழே மண் பெரும்பாலும் சாம்பல் என்றால் வடிகால் மோசம். தோராயமாக 10 அங்குலத்துக்கும் 20 அங்குலத்துக்கும் நடுவே பழுப்பு மண்ணில் சாம்பல் திட்டும் துருப்புள்ளியும் ஆரம்பித்தால் அரைகுறை வடிகால். அதற்கும் கீழேதான் ஆரம்பிக்கிறது என்றால் பரவாயில்லை. எங்கள் சரிவில் 13 அங்குலம், ஆற்றோர மேட்டில் மூன்று அடி வரை ஒன்றுமே இல்லை. பிழைத்த 19 கன்றில் 16 அந்த மேட்டில் நின்றவை. புதாற்றுத் தேக்கும் கரை மேட்டில்தானே நிற்கிறது!

அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா என்று மோந்து பார்க்கச் சொல்வார்கள். அது மாதக்கணக்கில் ஊறிக் கிடக்கும் மண்ணுக்குச் சரி. அரைகுறை வடிகால் மண் நாறாது.

எல்லாச் சாம்பலும் தண்ணீர் போட்ட சாம்பல் இல்லை என்பதும் ஒரு சிக்கல். ஆறு கொண்டுவந்த மணலே சாம்பலாக இருக்கலாம். மழைக்காலத்தில் ஈரமாக எடுத்த சாம்பல் கட்டியை உடைத்துக் காற்றில் வையுங்கள். அரை மணியிலோ ஒரு நாளிலோ பழுப்பேறினால் உள்ளே கரைந்த இரும்பு இருக்கிறது, அதாவது அந்த மண் இப்போது மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. மாறவில்லை என்றால் இதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது, பக்கத்தில் துருப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: குழாய் நட்டு அளப்பது

நிறம் சொன்னதை மழைக்காலத்தில் சரிபார்க்க வேண்டும். ஒன்றேகால் அங்குல பிவிசி குழாய் நாலடி நீளம், கீழ்ப்பாதியில் ஆக்சா பிளேடால் கீறல்கள், அடியில் மூடி. ஆகர் துளையில் இறக்கிச் சுற்றிலும் மணல் போட்டு, மேல் ஒரு அடிக்குக் களியை இடித்து அடையுங்கள். இதை விட்டால் மழைத்தண்ணீர் பக்கவாட்டில் இறங்கிப் பொய்க்கணக்கு காட்டும்.

அளக்க, மெல்லிய ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து ஊதிக்கொண்டே மறுமுனையை உள்ளே விடுங்கள். தண்ணீரைத் தொட்டதும் குபுகுபுவென்று சத்தம் வரும். அந்த இடத்தில் விரலால் பிடித்து நாடாவில் அளக்க வேண்டியதுதான். வாரம் ஒரு முறை போதும். எனக்குச் சரிவில் தண்ணீர் தரைக்குக் கீழே ஐப்பசி நடுவில் 16 அங்குலத்தில், கார்த்திகையில் 9இல், மழை விட்ட பன்னிரண்டாம் நாள் 20இல் இருந்தது. மாசியில் குழாய் காய்ந்து கிடந்தது.

படி 6: என்ன செய்வது

தாழ்வில் சம்பா நெல் போட்டேன், களி அதற்குக் கொடுப்பினை. சரிவில் நீர்மருதும் நாவலும் புங்கனும் வைத்தேன், மூன்றும் தாக்குப்பிடிக்கின்றன. வாழை வேண்டும் என்றால் மேட்டுப்பாத்தி அவசியம். வடிவாய்க்கால் வெட்டப் போகிறவர்கள் முதலில் கொத்தனார்களின் டியூப் மட்டத்தை வைத்துத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று பாருங்கள். நான் பார்க்காமல் வெட்டினேன். 2022 ஆகஸ்டில் கொள்ளிடம் பெருகியபோது அதே வாய்க்கால் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

பின்சேர்க்கை 1: "திட்டு இருக்கிறது, ஆனால் மூன்று மழைக்காலமாகக் குழாயில் தண்ணீரே ஏறவில்லை" என்று ஒருவர் கருத்தில் எழுதியிருந்தார். புள்ளியின் விளிம்பைப் பாருங்கள். மெல்ல மங்கிப் பக்கத்து மண்ணோடு கலந்தால் இப்போதும் நடப்பது. கத்தரித்த மாதிரி கூர்மையாக, அல்லது மிளகளவு கெட்டி உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் பழைய காலத்து எச்சம். மணல் அள்ளி ஆற்றின் தரை இறங்கிய இடங்களில் நிலத்தடி நீரும் கூடவே இறங்கிவிடும். மண் இன்னும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பின்சேர்க்கை 2: நெல் வயலில் தோண்டிய இருவருக்கு மேல் 8 அங்குலம் சாம்பல், அதற்குக் கீழே நல்ல பழுப்பு. பயப்பட வேண்டாம், அது நாம் சேறடித்துத் தண்ணீர் கட்டியதால் மேலிருந்து வந்த சாம்பல். நெல் வேர் போன தடமெல்லாம் ஆரஞ்சு நிறக் குழலாகத் தெரியும், பார்க்க அழகாக இருக்கும். நிலத்தடி நீரின் கதை வேண்டும் என்றால் அந்தப் பழுப்புக்குக் கீழே மறுபடி எப்போது சாம்பல் வருகிறது என்று பாருங்கள்.

பின்சேர்க்கை 3: குழியை எப்படி மூடுவது என்று கேட்டிருக்கிறார்கள். இதை நான் எழுதாமல் விட்டிருக்கக் கூடாது. சாக்கில் பரப்பிய வரிசையிலேயே, கடைசியாக வந்ததை முதலில் போட்டு, அரை அடிக்கு ஒரு முறை மிதித்து மூடுங்கள். என் முதல் குழியில் களியை மேலே போட்டுவிட்டேன். அந்த இரண்டடிச் சதுரத்தில் இன்றைக்கும் எள் முளைக்கவில்லை.